முதலில் செலவு, பிறகுதான் பணம்

நிதி விண்ணப்பம் ஒன்றை நேற்று ராத்திரி மூன்றாவது தடவையாகத் திருத்திக் கொடுத்தேன். சின்ன தொண்டு அமைப்பு, நல்ல வேலை. அறிவிப்பின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: செலவு செய்து ரசீது காட்டினால்தான் பணம் வரும். கையில் காசில்லாதவர்களுக்கான திட்டமாம்! ஏழைகளுக்கு ஈடு கேட்காமல் கடன் கொடுத்த வங்கதேசத்தின் கிராமீன் வங்கிக்கு 2006-லேயே நோபல் அமைதிப் பரிசு கிடைத்துவிட்டது. இந்த நிதி தருபவர்களோ இன்னும் மூன்று வருடத் தணிக்கை அறிக்கை கேட்கிறார்கள்.

இணைநிதி, அதாவது செலவில் நாமும் ஒரு பங்கு போட வேண்டும் என்று பார்த்ததும் பயந்து ஒதுங்காதீர்கள். பல திட்டங்களில் தன்னார்வலர் உழைப்பு, இலவசமாகக் கிடைத்த இடம் எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு நம் பங்காகக் காட்டலாம். வாடகை, கரண்ட் பில், கணக்கர் சம்பளம் ஆகியவற்றையும் மறைமுகச் செலவில் கேட்கலாமா என்று நிதி தருபவர்களின் திட்ட அலுவலருக்கு முன்கூட்டியே ஒரு மெயில் தட்டுங்கள். கூச்சத்தில் அதைச் சேர்க்காமல் விட்டவர்கள்தான் அதிகம். நானும் விட்டிருக்கிறேன்.