எத்தனை மூட்டை விளைந்தால் கட்டும்?

குறுவை ஆண்டுக்கு ஒரு முறைதான். ஒரு சுற்றுச் சோதனை வீணானால் அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் எந்தப் பாத்தியில் எதைச் சோதிப்பது என்று தீர்மானிக்க உகப்பாக்க நிரலை, அதாவது கிடைத்த அளவீடுகளைப் பார்த்து அடுத்து எதைச் சோதிக்கலாம் என்று பரிந்துரைக்கும் கணினி நிரலை, நாடினேன்.

ஆடுதுறைப் பக்கம் பெரியப்பாவின் வயலில் 24 பாத்திகள். எட்டு விதமான நீர், யூரியா அளவுகள். ஒவ்வொன்றும் மூன்று பாத்திகளில். பக்கத்துப் பாத்தியின் நீர் கசியாமலிருக்க வரப்புக்குள் பாலித்தீன் தாள் இறக்கியதே பெரும்பாடாகிவிட்டது. மகசூல் கூட வேண்டும், தண்ணீர் குறைய வேண்டும், நீர் தேங்கிய வயலிலிருந்து எழுந்து புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறைய வேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மண்ணில் காற்று புகும், மீத்தேன் அடங்கும். வயலில் புதைத்த துளையிட்ட குழாயில் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை காயவிடுவது பாதுகாப்பான அளவு என்பார்கள்.

முதல் குறுவையின் அளவுகளைக் கொடுத்து, மூன்று இலக்குகளையும் எடைபோட்டு ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினேன். எடைகள் என் ஊகம்தான். நிரல் தந்த எட்டுப் பரிந்துரைகளில் ஏழு, வயலை வெடிக்க வெடிக்கக் காயவிடச் சொல்லின. இப்படிக் கூட்டும் முறைக்கு ஒரு குறை உண்டு: இலக்குகளுக்கிடையே எட்டக்கூடிய சிறந்த சமரசங்களை இணைத்து வரையும் எல்லைக்கோடு உட்குழிந்திருக்கும் இடங்களை எந்த எடையாலும் எட்ட முடியாது.

எனவே பரேட்டோ முறைக்கு மாறினேன். ஒன்றை விட்டுக்கொடுக்காமல் இன்னொன்றைக் கூட்ட முடியாத புள்ளிகளைத் தேடும் முறை அது. ஆனால் ஒவ்வொரு இலக்கிலும் இதைவிட மோசமானால் ஏற்க முடியாது என்று ஓர் அளவை, குறிப்புப் புள்ளியாக, தர வேண்டும். மகசூலுக்குப் பூஜ்யம் என்று வைத்திருந்தேன். பட்டியலைப் பார்த்த பெரியப்பா கேட்டார்: "எத்தனை மூட்டை விளைந்தால் குத்தகையும் கூலியும் கட்டும் என்று உன் கம்ப்யூட்டருக்குச் சொன்னாயா?" அவர் சொன்ன மூட்டைக் கணக்கையே குறிப்புப் புள்ளியாக வைத்தேன். பாதிப் பரிந்துரைகள் மாறிவிட்டன. பூக்கும் பருவத்தில் காயவிடக் கூடாது என்பதையும் நிபந்தனையாகச் சேர்த்தேன்.

இன்னொன்றையும் தவறவிட்டிருந்தேன். யூரியா இட்ட மண் நனைந்து காயும்போது நைட்ரஸ் ஆக்சைடு எழும். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு, மீத்தேனுக்குச் சுமார் 27. அதை நான்காவது இலக்காக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாப் பாத்தியுமே எல்லைக்கோட்டில் வந்து நின்றது, எது மேல் என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு வாயுக்களுக்கும் பொது அலகு இருப்பதால் அவற்றைக் கூட்டி ஒன்றாக்கினேன். நெல்லுக்கும் தண்ணீருக்கும் அப்படியொரு அலகு இல்லை, அவற்றைத் தனித்தனியாகவே விட்டேன்.

மூன்றாவது குறுவைக்கு ஆறு அளவுகளை நிரல் தேர்ந்தது. மீதி இரண்டையும், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் வரும் நாட்களைக் கணக்கிட்டு, பெரியப்பா தேர்ந்தார்.