ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாள்

எனக்கு இடது மார்பில் புற்றுநோய் என்று உறுதியான நாளில் மருத்துவர் சொன்னவற்றில் பாதிக்கு மேல் என் காதில் விழவில்லை. மகளுக்கு நான்கு மணிக்குப் பள்ளி விடும், நாலரைக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், அதற்குள் மதுரையிலிருந்து விருதுநகருக்குப் போய்ச் சேர்ந்துவிட முடியுமா என்பதிலேயே மனம் நின்றிருந்தது. அவளுக்கு வயது ஒன்பது. ஆறு வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு. கணையம் இன்சுலின் சுரப்பது நின்றுவிட்டதால், மூன்று வேளை உணவுக்கு முன்பும் இரவு படுக்கும் முன்பும் ஆக நாளொன்றுக்கு நான்கு ஊசி. 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை இந்த நோய் கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை என்று படித்த பிறகு, அந்த நான்கு ஊசிகளைக் குறித்து நான் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

முதலில் அறுவை சிகிச்சை. பிறகு 21 நாள்களுக்கு ஒரு முறையாக நான்கு கீமோ. அதன்பின் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். முடி கொட்டும், வாந்தி வரும், பயப்படக் கூடாது என்றெல்லாம் நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எத்தனை வருஷம்மா போடணும்?"

"வருஷமெல்லாம் இல்லடா. ஆறு மாசம்."

"அவ்வளவுதானா?"

அவள் அறிந்த மருந்துகளில் முடிவு உள்ளது எதுவும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எழுந்து போய் அடுப்பில் ஒன்றுமில்லாத அடுக்களையில் சிறிது நேரம் நின்றேன்.

கீமோவை நான் தாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்லும் அது உடம்பில் ஏறிய அன்று சிறுநீரும் சிவந்து போகும் என்று செவிலியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் அதற்கும் அஞ்சவில்லை. என்னால் தாங்க முடியாமல் போனது வேறொன்று. மூன்று ஆண்டுகளாக மகளின் நோயை முழுவதும் என் தலைக்குள்ளேயே வைத்திருந்தேன். எங்கள் வீட்டு இட்லி ஒன்றுக்குப் பத்து கிராம் மாவுச்சத்து, பதினைந்து கிராமுக்கு ஒரு யூனிட் இன்சுலின், விளையாட்டு வகுப்பு உள்ள நாளில் அதில் அரை யூனிட் குறைவு என்ற கணக்குகளை நான் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்டால் நானே பார்த்துக்கொள்கிறேன் என்பேன். அதைப் பொறுப்பு என்று எண்ணியிருந்தேன். அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இரண்டாம் கீமோவுக்கு மறுநாள் காலை நான் தலை தூக்க முடியாமல் கிடந்தேன். என் கணவர் மூன்று இட்லிக்கு உரிய இரண்டு யூனிட்டைச் சரியாகப் போட்டார். அவள் ஒரு இட்லியோடு எழுந்து பள்ளி வேனுக்கு ஓடிவிட்டாள். ஒன்பதே முக்காலுக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது: கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, சர்க்கரை 52. நல்லவேளையாக அவள் பையில் குளுக்கோஸ் இருந்தது; எதைச் செய்ய வேண்டும் என்று ஆசிரியைக்கு அவளே சொல்லியிருக்கிறாள். போட்ட மருந்துக்கு உரிய உணவு உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் ஈடாகப் பாலோ பழமோ கொடுத்தே அனுப்ப வேண்டும் என்பது எனக்கு மூச்சு விடுவது போலப் பழகிய விதி. ஆகையால் அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அன்று மாலை நான் படுத்தபடி சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். எழுபதுக்குக் கீழே போனால் இரண்டு தேக்கரண்டி குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை. காய்ச்சல் வந்தால் சாப்பிடாவிட்டாலும் இரவு இன்சுலினை நிறுத்தக் கூடாது. இப்படி இரு பக்கமும் நிரம்பிய தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்த அத்தை, "இவ்வளவையும் நீ ஒருத்தியாவா சுமந்துட்டிருந்த?" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொள்ள முடியாத தொனி அது.

கீமோ முடிந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும், 100.4 டிகிரி காய்ச்சல் கண்டாலே நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றாம் சுற்றில் மிகச் சரியாக அந்த வாரத்தில் மகளுக்குச் சளி பிடித்தது. சளி பிடித்தால் அவளுக்குச் சர்க்கரை ஏறும். அவள் அருகில் நான் போகக் கூடாது. ஐந்து இரவுகள் நான் மாடி அறையில் கிடந்தேன். அதிகாலை மூன்று மணிக்குக் கீழே குளுக்கோமீட்டர் 'பீப்' என்பது கேட்கும். சற்றுப் பொறுத்து அவர் படியடியில் நின்று எண்ணை மட்டும் சொல்வார். "இருநூத்திப் பத்து." நான் பதில் சொல்லாமல் இருக்கப் பழகியது அந்த ஐந்து இரவுகளில்தான். (நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் கொண்டுவந்த பால்கோவா எங்கள் இருவருக்குமே ஆகாது என்பதால், அந்த ஆறு மாதத்தில் எடை கூடியவர் அத்தை மட்டுமே.)

வாராந்திர மருந்து தொடங்கிய பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவிலிருந்து ஒரு ஸ்ட்ரிப்பை எடுக்கப் போனால் நான்கு கீழே விழும். விழுந்தவை காப்பீட்டில் வராத கைக்காசு. அந்த மருந்துக்கு முன் ஒவ்வாமை வராதிருக்கப் போடும் ஸ்டீராய்டு எனக்கும் சர்க்கரையை ஏற்றும் என்பதால், அதை வீட்டில் பார்க்கச் சொன்னார்கள்.

மகள்தான் பார்த்தாள். அறுவை சிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்த இடது பக்கக் கையில் ஊசி குத்தக் கூடாது என்று நான் நினைவூட்டும் முன்பே வலது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புதிய ஊசியைப் பிரித்து, விரலின் நடுவில் அல்லாமல் ஓரத்தில் குத்தினாள். எனக்கு அது தெரியவேயில்லை. மீட்டர் 236 காட்டியது. அவள் நிமிர்ந்து, நான் மூன்று ஆண்டுகளாக அவளைக் கேட்கும் அதே குரலில் கேட்டாள்:

"என்ன சாப்பிட்ட? உண்மையச் சொல்லு."

அன்று மதியம் அத்தையோடு சேர்ந்து நானும் ஒரு துண்டு பால்கோவா தின்றிருந்தேன்.