வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு நகர்மன்றத் தீர்மானம்

நகராட்சியால் போக்குவரத்துச் சட்டம் போட முடியாது. ஊருக்குள் வண்டிகள் எவ்வளவு வேகத்தில் போகலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம்கூட அதற்கு இல்லை. ஆனால் அரசிடம் கேட்கலாம். எங்கள் நகர்மன்றம் அப்படிக் கேட்ட ஒரு தீர்மானத்துக்கு எழுத்து வேலை பார்த்தவன் நான். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் "எப்படிங்க செஞ்சீங்க?" என்று விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ஊர்ப் பெயர் வேண்டாம். கோவையிலிருந்து பல்லடம், காங்கேயம், வெள்ளகோவில், கரூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை 81-ஐ ஒட்டிய ஊர்களில் ஒன்று. எண்ணெய் மில், அரிசி ஆலை, விசைத்தறி, கொப்பரை காயவைக்கிற தேங்காய்க் களங்கள். ரோட்டுக்கு ஒரு பக்கம் களங்களும் மில்களும், மறுபக்கம் வீடுகள், பள்ளிக்கூடம், ரேஷன் கடை. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ரோட்டைத் தாண்ட வேண்டும். லோடு லாரிகளும் கரூர் பஸ்களும் விரட்டிக்கொண்டு வருகிற நேரமும் அதுதான். நான் அங்கே ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறேன்.

பேச்சு, வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்கிற பகுதி சபைக் கூட்டத்தில் ஆரம்பித்தது. நகர்ப்புற வார்டுகளில் 2022 நவம்பர் 1 முதல் இந்தச் சபைகள் கூடுகின்றன. பெரும்பாலும் சாக்கடையும் தெருவிளக்கும்தான் பேசுவார்கள். அன்றைக்குக் களத்தில் வேலை பார்க்கிற ஒரு பாட்டி எழுந்து, ரோட்டைத் தாண்ட வழி செய்து கொடுங்கள், இல்லையென்றால் நாங்கள் வேலைக்குப் போவதை நிறுத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் கவுன்சிலர் அக்கா கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "பேசறது நான் பேசிக்கறேன் தம்பி. எழுதறது நீ பாத்துக்கோ." சரிங்க்கா என்றேன்.

பழைய மினிட் புத்தகங்களைப் புரட்டினால், இதே ரோட்டைப் பற்றி முன்பும் மன்றம் தீர்மானம் போட்டிருக்கிறது. எல்லாம் ஒரே வாசகம்: விபத்துகளைத் தடுக்க உரிய நடவடிக்கை எடுக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் அந்தக் காகிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நகராட்சியில் மன்றப் பிரிவைப் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். "இது பொங்கல் வாழ்த்து மாதிரி இருக்குதுங்க தம்பி. யாரு செய்யோணும், எந்தச் செக்ஷன்ல செய்யோணும்னு ஒண்ணுமே இல்லியே. வாங்கறவன் படிச்சுட்டு ஃபைல்ல வெச்சுருவான்" என்றார். அதிலிருந்து நான் மோட்டார் வாகனச் சட்டத்தோடு உட்கார்ந்தேன்.

படித்ததில் எங்களுக்குத் தேவைப்பட்டதை மட்டும் சொல்கிறேன். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு வேகத்தைப் பற்றியது. அதிகபட்ச வேகத்தை மத்திய அரசு அறிவிக்கும். 2018 ஏப்ரலில் வந்த அறிவிப்பின்படி நகராட்சி எல்லைக்குள் கார் 70, லாரி 60, பைக் 60. பள்ளிக்கூட வாசலில் 60 கிலோமீட்டரில் லாரி போனாலும் அது சட்டப்படி சரிதான் என்று அக்காவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. இந்த வரம்புக்குக் கீழே ஒரு இடத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ அரசிதழில் அறிவிக்க வேண்டும், 116-ஆவது பிரிவின்படி ரோட்டில் பலகையும் நட வேண்டும். இரண்டும் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத கட்டுப்பாடு என்றால் மட்டும் அரசிதழ் தேவையில்லை. இந்தச் சின்ன விலக்கு பின்னால் எங்களுக்குக் கை கொடுத்தது.

2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது இன்னும் சில சேர்ந்தன. 138(1ஏ): நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிள், மாட்டு வண்டி மாதிரி மோட்டார் இல்லாத வண்டிகளுக்கும் மாநில அரசு விதிகள் போடலாம். தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும். 210டி: தேசிய நெடுஞ்சாலை அல்லாத ரோடுகளை எப்படி வடிவமைத்துப் பராமரிக்க வேண்டும் என்று மாநிலம் விதி போடலாம். 198ஏ: வடிவமைப்பு, பராமரிப்பு தரத்தில் கோட்டை விட்டு, அதனால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதில் 138(1ஏ), 210டி இரண்டின் கீழும் ஆறு மாதத்துக்குள் விதிகளை வகுக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அந்த வழக்கு நம் பக்கத்து வழக்கு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் போட்ட பொதுநல மனு. அதில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. நகர்மன்றத்தில் சட்டப் பிரிவு எண்களைச் சொன்னபோது கொட்டாவி விட்டவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்தார்கள். எங்கள் பக்கத்தில் கங்கா ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையாவது போகாத குடும்பம் குறைவு. "நம்ம டாக்டர் போட்ட கேஸுங்க" என்று அக்கா சொன்னது, நான் எழுதிக் கொடுத்த எல்லாக் குறிப்பையும்விட நன்றாக வேலை செய்தது.

ஆனால் மன்றத்துக்குப் போவதற்கு முன்பே கணக்கு வேண்டுமே. ஊரில் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு எண்ணிக்கை. மாவட்டக் காவல் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, மூன்று ஆண்டு விபத்து விவரம் கேட்டோம். ஏன் மூன்று ஆண்டு என்றால், மத்திய அரசு ஒரு இடத்தை 'பிளாக் ஸ்பாட்' என்று ஏற்பதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது: 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள். இந்த அளவுகோலில் கொடுத்தால் பொறியாளர்கள் வாதாட மாட்டார்கள்.

வந்த பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றியது. முதல் தகவல் அறிக்கையில் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று எழுதுவார்கள், பக்கத்தில் ஏதாவது ஒரு அடையாளம். ஒரே இடம் ஒன்றில் அரிசி ஆலை எதிரில், இன்னொன்றில் பெட்ரோல் பங்க் அருகில், வேறொன்றில் பிரிவு ரோடு என்று இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் எந்த இடமும் பிளாக் ஸ்பாட் கணக்கில் வராது. பிரிவு முக்கில் பேக்கரி வைத்திருக்கிற அண்ணனை உட்கார வைத்து, ஒவ்வொரு விபத்தும் எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கம் என்று கேட்டுக் குறித்தோம். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. அப்புறம் தான் எல்லாம் இரண்டே இடத்தில் வந்து சேர்ந்தன. இந்த வேலைக்கு எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, இதைச் செய்யாமல் மன்றத்துக்குப் போகாதீர்கள்.

தீர்மானத்தை மூன்று பகுதியாக எழுதினேன். நகராட்சியே செய்ய வேண்டியது முதலில். பள்ளித் தெருவில் தரப்படியான வேகத்தடை, பிரிவு ரோட்டு முக்கில் விளக்கு, நடைபாதையை அடைத்திருக்கும் தட்டிகளை எடுப்பது. வேகத்தடைக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் தரம் இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம். நம் ஊர்களில் ஒரே ராத்திரியில் ஜல்லியைக் கொட்டி மேடு கட்டுகிறார்களே, அது பைக்கில் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெண்களைக் கீழே தள்ளுவதற்குத்தான் உதவும். இரண்டாவது பகுதி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு: 112, 116 பிரிவுகளின்படி அந்த இரண்டு இடங்களிலும் வேகக் கட்டுப்பாடு, தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு மூலம் பாதசாரிக் கடவை. மூன்றாவது சென்னைக்கு. 138(1ஏ), 210டி விதிகளை வகுக்கும்போது நகராட்சி எல்லைக்குள் குடியிருப்புத் தெருக்களிலும் பள்ளிகளைச் சுற்றியும் 30 கிலோமீட்டரைப் பொது வரம்பாக வைக்க வேண்டும் என்று. 2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 என்றுதான் வைத்தது. சென்னைக்குச் சரி என்றால் எங்களுக்கு ஏன் கூடாது என்பதே எங்கள் கேள்வி.

நகராட்சி அலுவலகத்தில் முதலில் தயங்கினார்கள். ரோடு நம்முடையது இல்லை, சட்டம் நம்முடையது இல்லை, எதற்கு இதை மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் வைக்க வேண்டும் என்றார்கள். நகராட்சி தன் பங்குக்குச் செய்வது முதல் பகுதியில் இருந்ததால்தான் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்" என்று அலுவலகக் குறிப்போடு பொருள் பட்டியலில் ஏறியது. வெறுமனே மற்றவர்களைக் கேட்கிற தீர்மானம் என்றால் ஏறியிருக்காது.

மன்றத்தில் எதிர்ப்பு நாங்கள் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை. லாரி வைத்திருக்கிற உறுப்பினர்கள் பேசாமல் இருந்தார்கள். மற்றவர்கள்தான் எழுந்தார்கள். "இதைப் போட்டா நாளைக்கே போலீஸ்காரங்க முக்குல நின்னு ஹெல்மெட் கேஸு எழுதுவாங்க. ஓட்டுப் போட்ட சனம் எங்களைத்தான் திட்டும்." இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர்களில் சாலைப் பாதுகாப்பு என்றாலே அபராத ரசீது என்றுதான் ஆகியிருக்கிறது. உள்ளூர்க்காரனின் மொபெட்டை நிறுத்துகிறார்கள், வெளியூர் டாரஸ் லாரி பறந்துகொண்டு போகிறது. அக்கா அங்கேயே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்: இத்தீர்மானம் சாலை வடிவமைப்பு, எச்சரிக்கைப் பலகை, வேக வரம்பு ஆகியவை குறித்தது மட்டுமே. அதோடு எதிர்ப்பு அடங்கியது. எல்லாக் கட்சிக்காரர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

தீர்மானம் நிறைவேறினால் ஊரில் வெடி வெடிக்கிறார்கள். உண்மையில் அங்கிருந்துதான் வேலை. நகர்மன்றத் தீர்மானம் வழக்கமான வழியில் மண்டல இயக்குநர், நகராட்சி நிர்வாக இயக்குநர், நகராட்சி நிர்வாகத் துறைச் செயலர் என்று ஏறும். ஆனால் மோட்டார் வாகன விதிகள் அந்தத் துறையில் இல்லை. தமிழ்நாட்டில் அவற்றை வெளியிடுவது உள்துறையின் போக்குவரத்துப் பிரிவு. வழக்கமான வழியை மட்டும் நம்பியிருந்தால் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும்போது காகிதம் தூங்கிவிடும். அதனால் முகப்புக் கடிதத்திலேயே உள்துறைச் செயலர், போக்குவரத்து ஆணையர், ஆட்சியர், எம்.எல்.ஏ. எல்லோருக்கும் நகல் என்று எழுதி, ஸ்பீடு போஸ்ட்டில் தனித்தனியாக அனுப்பினோம். ஒவ்வொன்றிலும் அந்த அலுவலகம் செய்ய வேண்டிய பத்தியை மட்டும் மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு வைத்தேன். தபால் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பின்னால் ந.க. எண் (அலுவலகத்தில் கோப்புக்குப் போடுகிற எண்) கேட்டுப் போகும்போது அதுதான் ஆதாரம்.

ஆட்சியர் குழுவிலிருந்துதான் முதலில் அசைவு வந்தது. கூட்டாய்வுக்கு நெடுஞ்சாலைப் பொறியாளர், மோட்டார் வாகன ஆய்வாளர், போலீஸ், நகராட்சிப் பொறியாளர் எல்லோரும் வந்தார்கள். கடவைக்கு இந்த இடத்தில் வழியில்லை என்று ஆரம்பித்த நெடுஞ்சாலைப் பொறியாளர், பேக்கரி அண்ணன் சொல்லிக் குறித்த வரைபடத்தையும் 198ஏ பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிறகு டேப்பை எடுக்கச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அக்காதான் பேசினார், அதுவும் மரியாதையாக.

இடையில் மாரியம்மன் நோன்பி, அதாவது கோவில் திருவிழா, வந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு மாத விலக்கு ஞாபகத்துக்கு வந்தது. நோன்பிக் கூட்டத்தைக் காரணம் காட்டி, அரசிதழ் இல்லாமலே தற்காலிகமாக 30 பலகை வைக்கச் சொல்லிக் கேட்டோம். வைத்தார்கள். கூடவே தடுப்புகளையும் வளைத்து வைத்ததால் லாரிகள் தானாக மெதுவாகின. பலகையால் மட்டும் ஆகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நோன்பி முடிந்து பலகையைக் கழற்றப் போனபோது ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களே போய் மறித்தார்கள். அதற்கப்புறம் நிரந்தர அறிவிப்புக்கான முன்மொழிவு ஆட்சியர் அலுவலகத்தில் வேகம் பிடித்தது.

சென்னையிலிருந்து "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. அதில் ந.க. எண் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். எண் கிடைத்துவிட்டால் தகவல் உரிமை மனுவில் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் எழுப்பச் சொல்லி எம்.எல்.ஏ.விடம் கொடுக்கலாம். இரண்டையும் செய்திருக்கிறோம்.

ஒரே ஊர் கேட்டால் விதி மாறாது என்பது அக்காவுக்குத் தெரியும். அதனால் அவர் போகிற கல்யாணங்களுக்கெல்லாம் தீர்மான நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போகிறார். மண்டபத்தில் பந்தி காத்திருக்கிற நேரத்தில் பக்கத்து ஊர் கவுன்சிலர்களைப் பார்த்து ஒரு பிரதி கொடுத்துவிடுகிறார். இரண்டு ஊர்களில் மன்றப் பொருளாக வைக்கப் போகிறார்களாம். மூன்றாவது பகுதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், முதல் இரண்டையும் அவரவர் ஊர்க் கிலோமீட்டர் கல்லை வைத்துப் புதிதாக எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.