எழுத்தை இரண்டாக்கிய கல்

வேதியியல் சார் இறந்துவிட்டார் என்ற செய்தி நம் குழுவில் வந்த காலையில் கால்சியம் மாத்திரை டப்பா என் கையில் இருந்தது. டப்பாவின் மேல் 'மினரல்', அதாவது கனிமம், என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே சின்ன எழுத்தில்: கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம், கால்சியம் 500 மில்லிகிராம். சாரின் நினைவு மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி நம் பழைய மாணவர் சங்கத்தில் கேட்டிருந்தார்கள். எனக்கு அந்த ஒரு பாடவேளையைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

டப்பாவில் 'மினரல்' என்ற அந்தச் சொல்லைப் பார்த்தாலே சாருக்குக் கோபம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? "கால்சியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் தனிமம். டப்பாவில எழுதிட்டா கனிமம் ஆயிடுமா?" என்பார்.

அன்று மேசையில் இரண்டு கற்களை வைத்தார். ஒன்று கண்ணாடிபோலத் தெளிந்த, பக்கவாட்டில் சாய்ந்த பெட்டி. மற்றொன்று குச்சிகளைச் சேர்த்துக் கட்டியது போல நீளநீளமாக. முதலாவது கால்சைட், மற்றது அரகோனைட். என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்டார். முதல் நாளே படித்து வந்திருந்தேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார். கால்சியம் ஒண்ணு, கார்பன் ஒண்ணு, ஆக்சிஜன் மூணு" என்றேன்.

சார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டிலும் ஒரு துணுக்கைப் பொடித்து அமிலம் விடச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி நுரைத்தன. வந்த வாயு இரண்டு தடவையும் சுண்ணாம்புத் தெளிநீரைப் பாலாக்கியது. 100 கிராம் எடுத்தால் கால்சியம் 40, கார்பன் 12, ஆக்சிஜன் 48, அதிலும் மாற்றமில்லை. நான் சொன்னது சரி என்றே நினைத்தேன்.

அப்புறம் என் ரெக்கார்டு நோட்டைப் பிரித்து, தெளிந்த கல்லை என் கையெழுத்தின் மேல் வைத்தார். எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் இரண்டாகத் தெரிந்தது. "இதுல எந்தத் தனிமம் உன் எழுத்தை ரெண்டாக்குது? கால்சியமா, கார்பனா, ஆக்சிஜனா?"

என்னிடம் பதில் இல்லை. மணி அடிக்கும்வரை நின்றேன்.

நின்றுகொண்டே கேட்டதால்தானோ என்னவோ, அவர் சொன்னது இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. கால்சியம் தனியாகக் கிடைத்தால் அது வெள்ளிபோல மின்னும் உலோகம். தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் குமிழ் விடும். இந்தக் கல்லில் அந்தக் குணம் எதுவும் இல்லை. ஒரு கார்பனைச் சுற்றி மூன்று ஆக்சிஜன், தட்டையான முக்கோணமாக. அந்த முக்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கடுக்காகப் படுத்திருக்கின்றன. அடுக்கோடு அதிரும் ஒளி ஒரு வேகத்திலும் குறுக்கே அதிரும் ஒளி வேறு வேகத்திலும் போவதால் கதிர் பிரிகிறது. பர்தோலின் என்ற டென்மார்க்காரர் 1669-லேயே இதைப் பார்த்து எழுதிவைத்தார். அடுக்கின் கணக்கு தெரிய 1914-ல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிரோடு வரவேண்டியிருந்தது. கால்சைட்டில் ஒரு கால்சியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன், அரகோனைட்டில் ஒன்பது. அதனால் அரகோனைட் நெருக்கமாக அடுக்கப்பட்டு, கனமாக இருக்கிறது: ஒரு கன சென்டிமீட்டர் கால்சைட் 2.71 கிராம் என்றால் அரகோனைட் 2.93 கிராம். "நீ அமிலத்துல கரைச்சதும் கால்சியம் அப்படியே இருக்கு. கல்லு எங்க போச்சு?" என்று கேட்டார். நான் படித்து வந்த பாடம் முழுக்கக் கரைத்த பிறகு கிடைப்பதைப் பற்றியதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

தங்கமும் கந்தகமும் தனிமமாகவே மண்ணில் கிடைக்கின்றனவே என்று நம்மில் யாரோ கேட்டார்கள். அப்படிக் கிடைக்கும்போது அவையும் கனிமம்தான் என்றார். கார்பன் ஒரே தனிமம். வைரம், கிராஃபைட் என்று இரண்டு கனிமம். கனிமம் என்றால் இயற்கையில் தானாக விளைந்திருக்கவேண்டும், திடமாக இருக்கவேண்டும், அணுக்களுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். 118 தனிமங்கள்தான் இன்று அட்டவணையில். கனிமங்களோ 6000-ஐத் தாண்டிவிட்டன.

கடைசியில் எல்லோரையும் மேசைக்கு அழைத்தார். கல்லை மெதுவாகச் சுழற்றினால் ஓர் எழுத்து அசையாமல் நிற்க, மற்றது அதைச் சுற்றி வருமாம். நீங்கள் எல்லாம் கத்தியது கேட்டது. நான் சுவரோரம் நின்றிருந்தேன். மணி அடித்ததும் சார் என் பக்கம் வந்து, "சாயங்காலம் ஆய்வகத்துக்கு வா தம்பி, காட்டுறேன்" என்றார்.

போகவில்லை. அவமானம் அவ்வளவு பெரிதாக இருந்தது. மறுநாளும் போகவில்லை. பரீட்சை வந்தது, படிப்பு மாறியது, வெளிநாடு வந்துவிட்டேன். கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக்கூட அவரைத் தேடிப் போகவில்லை. இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் என் உள்ளங்கையளவு கால்சைட் இருக்கிறது. அடியில் ஒரு கோடு வரைந்து, அது இரண்டாகத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. சுழற்ற முடியாது.

அந்தக் கல் ஆய்வக அலமாரியில், மேல் தட்டில்தான் இரண்டு வருடமும் இருந்தது. கேட்டிருந்தால் சார் எடுத்துக் கொடுத்திருப்பார்.