தங்கத்தில் வார்த்த ஈஃபில் கோபுரம்

1951இல் வந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. லண்டன் ஈலிங் ஸ்டுடியோவின் கறுப்பு வெள்ளைப் படம், சார்லஸ் கிரிக்டன் இயக்கியது.

அலெக் கின்னஸ் இதில் வங்கி குமாஸ்தா. வேனில் வரும் தங்கக் கட்டிகளுக்கு வருஷக்கணக்காகக் காவல் போகிறவர். இவரா திருடுவார் என்று எல்லோரும் நினைப்பதுதான் அவருடைய முதலீடே! திருடிவிடலாம், நாட்டை விட்டு எப்படிக் கடத்துவது? அவர் தங்கியிருக்கும் விடுதிக்குக் குடிவருகிறார் ஸ்டான்லி ஹாலோவே. சுற்றுலா நினைவுப் பொருட்கள் செய்து விற்பவர். தங்கத்தை உருக்கி, குட்டி ஈஃபில் கோபுரங்களாக வார்த்து, பாரிஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

கூட்டாளி பிடிக்கும் விதம் இன்னும் அழகு. 'எங்கள் பெட்டகத்துப் பூட்டு கெட்டுப்போச்சு' என்று கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறார்கள். ராத்திரி அசல் திருடர்களே தேடி வந்துவிடுகிறார்கள்.

தங்கக் கோபுரங்களில் ஆறு, பள்ளிச் சிறுமிகள் கைக்குப் போய்விடும். அவர்களைப் பிடிக்க நிஜக் கோபுரத்தின் சுழல்படிகளில் இருவரும் கிறுகிறுத்து, சிரித்துக்கொண்டே ஓடி இறங்குவார்கள். பயமும் குதூகலமும் ஒன்றாகக் கலந்த அப்படி ஒரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

எழுதிய டி.இ.பி. கிளார்க்குக்கு ஆஸ்கர் கிடைத்தது. ரொம்பப் பொருத்தம். ஆரம்பத்தில் சில நொடிகள் வரும் பெண் ஆட்ரி ஹெப்பர்ன், கவனியுங்கள். முடிவைச் சொல்ல மாட்டேன். அவசியம் பாருங்கள்.