ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் சென்னை

புனேயில் 2024-ல் தொடங்கிவைக்கப்பட்ட அர்கா சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் (ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகள்). அதில் ஓடும் பாரத் முன்னறிவிப்பு மாடல் நம் பக்கத்து வானிலையை 6 கி.மீ. பக்கமுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. முன்பு அது 12 கி.மீ. பெரிய பாய்ச்சல்தான். ஆனாலும் 426 சதுர கி.மீ. பரப்புள்ள சென்னை மாநகராட்சி அதில் ஒரு டஜன் கட்டங்களில் முடிந்துவிடும். வேளச்சேரியில் கொட்டும்போது அண்ணா நகர் காய்ந்து கிடக்கிற ஊருக்கு இது போதாது.

அதனால் நகரத்துக்கு மட்டும் 1 கி.மீ. கட்டத்தில் தனியாக டபிள்யூஆர்எஃப் (WRF) என்ற வானிலை மாடலை ஓட்டுவதுதான் எங்கள் வேலை. 3 கி.மீ. கட்டத்தை 1 ஆக்கினால் கணக்கு மூன்று மடங்கல்ல, 27 மடங்கு. நீளத்தில் 3, அகலத்தில் 3. அப்புறம் ஒவ்வொரு காலப்படியையும் (மாடல் ஒரே தாவலில் கணக்கிடும் நேர இடைவெளி) மூன்றில் ஒன்றாகக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் மாடலின் கணக்கு தாறுமாறாகிப் பாதியில் நின்றுவிடும்.

மெஷினைவிட எனக்குச் சுவாரஸ்யமானது தரைப்படம். மாடலோடு வரும் பழைய நிலப்பயன்பாட்டுப் படம் 1992-93 செயற்கைக்கோள் தரவிலிருந்து எடுத்தது. அதை அப்படியே வைத்து ஓட்டினால் ஓஎம்ஆரின் ஐடி கட்டடங்கள் எதுவும் கணக்கில் வராது. கான்கிரீட் வெப்பத்தைப் பிடித்துவைக்கும், கட்டடங்கள் கடல்காற்றைத் தடுக்கும். கோடையில் அந்தக் காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றும் எங்கே மோதுகின்றனவோ அங்கேதான் பெரும்பாலும் மாலை இடி மழை. மோதும் இடம் நாலு கி.மீ. தள்ளிப்போனால் மழை வேறு ஏரியாவுக்குப் போய்விடும்.

காலையில் முதல் வேலை, ராத்திரி கம்ப்யூட்டரின் வரிசையில் போட்டுவைத்த மாடல் ஓட்டம் முடிந்ததா என்று பார்ப்பது. பிறகு ரேடார் படத்தோடு ஒப்பிடுவது. மழையின் அளவு, நேரம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் பூந்தமல்லியில் வரவேண்டியதைத் தாம்பரத்தில் காட்டியிருக்கும். முன்னறிவிப்புக்கு மதிப்பெண் போடும்போது இதற்கு இரட்டைத் தண்டனை: பெய்த இடத்தை விட்டது ஒன்று, பெய்யாத இடத்தில் காட்டியது இன்னொன்று. மொத்தமாக மங்கலாகக் காட்டிய 12 கி.மீ. படம் அதைவிட நல்ல மார்க் வாங்கிவிடும்! இந்த மார்க்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதற்காக ஒரே ஓட்டத்தின் துல்லியமான படத்தையும் நம்புவதில்லை. ஆரம்ப நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பல முறை ஓட்டி, அதில் எத்தனை ஓட்டங்கள் மழை காட்டுகின்றன என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

தேங்கும் மழைநீரை இறைக்கும் பம்பை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று கேட்கும் பொறியாளரிடம், "தென்சென்னைக்குப் பத்தில் ஏழு வாய்ப்பு சார்" என்போம். "சரி, அந்தக் கலர் மேப்பை அனுப்புங்க" என்பார் அவர்.