ஆற்றை நீந்திக் கடந்த கதை: ஃப்ரேஸல் வெர்ப்பும் ஸ்பானியமும்

மத்ரித்தில் மொழிபெயர்ப்பு படித்தபோது, ஆங்கிலச் சிறுகதை ஒன்றை ஸ்பானியத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. கதையில் கடினமான சொல்லே கிடையாது. கெட், புட், டேக், ரன் என்று பள்ளிக்கூடத்துச் சொற்கள். பின்னால் ஒட்டிக்கொண்டு ஓர் அப், ஓர் அவுட், ஓர் ஆஃப். இப்படி வினையும் ஒட்டும் சேர்ந்து தனிப் பொருள் தருவதுதான் ஃப்ரேஸல் வெர்ப். தொல்லையே அங்கேதான். 'டேக் ஆஃப்' என்றால் விமானத்துக்கு 'தெஸ்பெகார்', காலணிக்கு 'கிதார்ஸே'. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் தேறாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது.

நகர்வைச் சொல்பவற்றில் மட்டும் நமக்கு அதிர்ஷ்டம். 'ஹி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்' என்பதில் நீந்துவதுதான் வினை. கடப்பது அந்தச் சின்ன ஒட்டுக்குள் இருக்கிறது. ஸ்பானியத்தில் 'க்ரூஸோ எல் ரியோ நதாந்தோ': கடந்ததுதான் வினை, நீந்தியது அதற்குத் துணை. நாமும் 'ஆற்றை நீந்திக் கடந்தான்' என்றுதானே சொல்கிறோம்? லெனர்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் மொழிகளை இந்தக் கோணத்தில் பிரித்தபோது ஸ்பானியத்தையும் தமிழையும் ஒரே பக்கம்தான் வைத்தார். அதனால் ஆங்கில வாக்கியத்தை முதலில் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன், பிறகு ஸ்பானியத்தில் எழுதுவேன். 'ஈட் அப்' வந்தால் 'சாப்பிட்டுவிட்டான்'. அந்த 'விட்டான்' செய்கிற வேலையை ஸ்பானியத்தில் 'ஸெ' என்ற குட்டிச் சொல் செய்கிறது: 'ஸெ லோ கொமியோ தோதோ'. 'கெப்ட் ஆன் டாக்கிங்' என்றால் 'பேசிக்கொண்டே இருந்தான்', 'ஸிகியோ ஆப்லாந்தோ'. கூடப் படித்த ஆங்கிலேயர்களுக்கு இந்தக் குறுக்குவழி இல்லை, பாவம்.

ஆனால் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகவும் கூடாது. 'வாக்ட் இன்டு த ரூம்' என்பதற்கு 'எந்த்ரோ', அதாவது 'நுழைந்தான்', போதும். 'காமினாந்தோ' என்று நடையையும் சேர்த்தால், 'பின்னே பறந்தா வருவான்?' என்று ஸ்பானியர் கேட்பார். ஆங்கில நாவல்கள் ஸ்பானியத்துக்குப் போகும்போது இப்படி நடையும் ஓட்டமும் கணிசமாக உதிர்ந்துவிடுவதை டான் ஸ்லோபின் என்ற மொழி ஆய்வாளர் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். உதிரட்டும். கதைக்குத் தேவையானதை விடாமல் இருந்தால் சரி. கூட்டத்தை முழங்கையால் இடித்துக்கொண்டு ஒருத்தி போகிறாள் என்றால் அந்த முழங்கை வேண்டும்: 'ஸெ அப்ரியோ பாஸோ ஆ கோதாஸோஸ்'. இதுபோன்ற இடங்களில் ஆங்கிலத்தைவிட ஸ்பானியம்தான் எனக்குப் பிடிக்கிறது.

அதிக நேரம் தின்றது உரையாடல். ஃப்ரேஸல் வெர்ப்புக்கு ஆங்கிலத்திலேயே ஒரு லத்தீன் மாற்றுச்சொல் கண்டுபிடித்து, அதன் ஸ்பானிய உறவைப் போட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். 'புட் ஆஃப்' என்றால் போஸ்ட்போன், ஆகவே 'போஸ்போனேர்'. பொருள் சரி. ஆனால் அம்மா பிள்ளையிடம் பேசும்போது அது அரசாணை மாதிரி ஒலிக்கும். அவள் சொல்வது 'லோ தெஹாமோஸ் பாரா மன்யானா', அதாவது நாளைக்குப் பார்த்துக்கலாம். 'புட் அப் வித்' என்பதும் அப்படித்தான்: அண்ணனைச் சகிக்க முடியாத தங்கை 'தொலெரார்' என்று ஆரம்பிக்க மாட்டாள். 'நோ தே அக்வாந்தோ', உன்னைத் தாங்க முடியல என்று கத்துவாள். ஃப்ரேஸல் வெர்ப்புகள் பெரும்பாலும் வீட்டுப் பேச்சு. அதைக் காகிதப் பேச்சாக்கினால் பாத்திரமே செத்துப்போகும். அதனால் ஒவ்வொரு வசனத்தையும் எழுதியதும் ஸ்பானியத் தோழி ஒருத்தியிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்த இடமெல்லாம் மாறியது.

யாருக்காக எழுதுகிறோம் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. தொலைபேசியை எடுப்பதற்கு ஸ்பெயினில் கூச்சமில்லாமல் 'கோஹேர்' என்பார்கள். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் அது கெட்ட வார்த்தை. அங்கே 'கொன்தெஸ்தார்' என்று எழுதிவிட்டால் வம்பில்லை.

கடைசிவரை மசியாதது 'எக்ஸ்ப்ளெயின் அவே'. ஏதோ காரணம் சொல்லி விஷயத்தை ஒன்றுமில்லாமல் ஆக்குவது. ஒற்றைச் சொல்லுக்காகத் தேடுவதை நிறுத்திவிட்டு, 'அவன் ஒரு சாக்குச் சொன்னான், அதற்குமேல் யாரும் கேட்கவில்லை' என்று ஸ்பானியத்தில் முழு வாக்கியமாகவே எழுதிக் கொடுத்தேன்.